நாதி

திம்மராயன் தடுத்ததில் ஒன்றைக்கூட
நான் முழுசாகப் பார்த்ததில்லை.
பதினாறு வருஷம் அவனுக்கு முன்னால் நின்றேன்.
ஸ்டாப்பருக்கு கோல்கீப்பர் என்பது
முதுகில் விழும் குரல்.

பேப்பரில் அவன் பறந்தான் என்று எழுதினார்கள்.
இருக்கலாம்.
எனக்குத் தெரிந்தது அவன் தரையில் விழும் சத்தம்.
கிருஷ்ணகிரி பள்ளி மைதானத்தில் ஒரு சத்தம்,
அங்கே மண்ணோடு கிரானைட் பொடி கலந்திருக்கும்,
எழுந்தால் முழங்கை ரத்தத்தில் மினுமினுக்கும்.
சென்னைப் புல்லில் வேறு சத்தம்.
மழையில் கோழிக்கோட்டில்
யாரோ அரிசி மூட்டையைச் சேற்றில் இறக்குவதுபோல.

அவன் வீட்டில் தெலுங்கு. என் வீட்டில் உருது.
மைதானத்தில் எல்லோருக்கும் தமிழ்தான்,
திட்டுவது உட்பட.
ஆனால் கார்னர் உயர்ந்து வரும் அந்த ஒன்றரை நொடியில்
அவன் வாயில் அவன் அம்மாவின் பேச்சுதான் வரும்:
"நாதி!"
என்னுடையது என்று அர்த்தம்.
விலகு மக்பூல் என்று அர்த்தம்.

தஞ்சாவூரில் கேலரி சிரித்தது.
நாதி இல்லையாடா உனக்கு என்று
ஆரஞ்சுத் தோலை வீசினார்கள்.
நாங்கள் நாலு பேரும் விலகினோம்.
ஈரத்துணியைக் கல்லில் ஒரே தரம் அறைந்தாற்போல்
பந்து கைக்குள் போனது.
அப்புறம் கேலரியில்
பட்டாணி விற்கிறவன் குரல் மட்டும்.

இருபத்து மூன்று சீசன்.
மின்வாரிய அணி, மாநில அணி, மறுபடி மின்வாரியம்.
மூன்று தரம் உடைந்த இடது சுண்டுவிரல்
கடைசியில் வெளிப்பக்கம் பார்த்தே நின்றுவிட்டது.
கையுறையில் அந்த விரலை மட்டும் அறுத்து
வேறு கோணத்தில் தைத்துக்கொள்வான்.
மாங்கூழ் ஆலை முதலாளி பொன்னாடை போர்த்திக்
கை குலுக்கியபோது
நாலு விரல் வணங்கியது, அது வணங்கவில்லை.

சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

பெங்களூர். எண்பத்தொன்பதாவது நிமிஷம்.
பந்து தணிந்து வந்தது, அவனுக்கான பந்து.
நாதி என்றான்.
கேட்டது. நன்றாகவே கேட்டது.
கேட்டும் குதித்தேன்.
ஏனென்று இன்றைக்கும் பிடிபடவில்லை,
ஒரு தடவையாவது என்னுடையதாக இருக்கட்டும் என்றா?
என் நெற்றியில் பட்டு
அவன் விரல் நுனியைத் தொட்டு உள்ளே போனது.

வலையிலிருந்து எடுத்து
பந்தை என் கையில் வைத்தான்.
நடு வட்டம்வரை நான் சுமந்தேன்.
அன்றைக்கு அந்த மைதானம்
ஓசூர்வரை நீளம்.

பஸ்ஸில் ஒரு வார்த்தையில்லை.
சூளகிரி தாண்டியும் இல்லை.
டோல்கேட்டில் வண்டி நின்றதும்
ஜன்னல் வழியே வெள்ளரிக்காய் வாங்கி
பாதியை நீட்டினான்.
"மிளகாப்பொடி ஜாஸ்தி" என்றான்.
மறுநாள் பேப்பரில்
கோல்கீப்பரின் தவறு என்று போட்டிருந்தது.
அவன் திருத்தவில்லை.
நானும்.

போன ஞாயிறு வழியனுப்பும் ஆட்டம்.
என் முட்டி போய் ஏழு வருஷமாகிறது.
டீயும் கையுமாக
கோல் வலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில்.
முதல் தடவையாக அந்தப் பக்கம்.
வலைக் கட்டங்களுக்குள் அவன் முதுகு,
எதிர்பார்த்ததைவிடச் சின்னது.
பந்து அந்தக் கோடியில் இருந்தபோதெல்லாம்
அவன் பந்தைப் பார்க்கவில்லை.
முன்னால் நிற்கும் பையன்களின் முதுகை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்,
நடவு முடித்த வயலில்
எது சாய்கிறது என்று பார்ப்பதைப்போல.
பதினாறு வருஷம்
என் முதுகில் என்ன படித்திருப்பான்?

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர்.
வெயிலுக்குள் ஏறி, மலைக்கோட்டையை மறைத்து,
இறங்கியது பந்து.
"நாதி!"

நாற்காலியோடு விலகினேன்.

டீ பக்கத்து ஆள் சட்டையில்.
மன்னிச்சிடுங்க மன்னிச்சிடுங்க என்று
துண்டால் துடைத்துவிட்டு நிமிர்ந்தால்
அவன் கையைவிட்டுப் பந்து
ஏற்கெனவே கிளம்பியிருந்தது,
நடு மைதானத்துக்கு.